நீரிழிவு மருந்து: இலவசம் எங்கே முடிகிறது என்பதுதான் கணக்கு

நீரிழிவுள்ள அப்பாவை ஆறு மாதத்துக்குக் கனடாவுக்கு அழைக்க இருப்பதாகவும், அங்கும் இங்கிலாந்திலும் மருந்துச் செலவு எவ்வளவு, யாழ்ப்பாணத்தில் உண்மையிலேயே எல்லாம் இலவசமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் அம்மா பல வருடங்களாக இங்கே அரச கிளினிக்கில் மருந்து எடுப்பவர். அண்ணா லண்டனிலும் அக்கா ரொறன்ரோவுக்கு அருகிலும் இருக்கிறார்கள். இருவருக்கும் இப்போது சீனி வருத்தம் வந்துவிட்டதால், மூன்று ஊர்க் கணக்கும் எங்கள் வீட்டுத் தொலைபேசிப் பேச்சில் அடிபடுவதுதான்.

மருந்து இலவசம் என்பது உண்மை. மெற்போமின் என்ற நீரிழிவு மாத்திரைக்கோ கலப்பு இன்சுலினுக்கோ அம்மா கிளினிக்கில் ஒரு சதமும் கொடுத்ததில்லை. ஆனால் வீட்டில் சீனி பார்க்கும் மெசினையும் அதற்குரிய ஸ்ரிப்பையும் நாங்களே வாங்குகிறோம். ஒரு பெட்டி ஸ்ரிப்பின் விலையோடு ஒப்பிட்டால் தனியார் மருந்தகத்தில் ஒரு மாத மெற்போமின் சில்லறைக் காசு. கிளினிக் நாளில் விடியமுன் எழுந்து, மண்ணிறத் தாள் உறை போட்ட கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு, இரத்தம் கொடுக்கும்வரை வெறுவயிற்றோடு வரிசையில் இருப்பதையும், அழைத்துச் செல்லும் எனக்கு அரைநாள் வேலை போவதையும் எந்தப் பற்றுச்சீட்டிலும் காண முடியாது. 2022இல் நாட்டில் டொலர் இல்லாமற்போனபோது மருந்துக்குப் பதிலாக வெளியே வாங்கும்படி துண்டு எழுதித் தந்தார்கள். அந்த வருடம் மார்ச் முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனதால், இன்சுலின் குப்பியை ஈரமணல் நிரப்பிய சட்டிக்குள் சிறு மண்முட்டியை இறக்கி அதில் வைத்தே காப்பாற்றினோம்.

இங்கிலாந்தில், 2024 மே மாதத்திலிருந்து, மருந்துத் துண்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண் கட்டணம். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு விலக்குச் சான்றிதழ் உண்டு. அது கையில் இருந்தால் நீரிழிவு மருந்து மட்டுமல்ல, இருமல் மருந்துக்கும் கட்டணம் இல்லை. உணவுக் கட்டுப்பாட்டினால் மட்டும் சமாளிப்பவருக்கு அது கிடையாது என்பது எனக்கு விசித்திரமாகவே படுகிறது. சான்றிதழ் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். முடிந்ததைக் கவனியாமல் இலவசமாக வாங்கினால் 100 பவுண் வரை தண்டம் வரக்கூடும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் இந்தக் கட்டணமே இல்லை.

கனடாவைப் பற்றித்தான் எங்கள் ஆட்களிடையே தவறான எண்ணம் அதிகம். அங்கே மருத்துவரைப் பார்ப்பதும் ஆஸ்பத்திரியில் கிடப்பதும் இலவசமே தவிர, வீட்டில் விழுங்கும் மாத்திரை இயல்பாக அதற்குள் அடங்குவதில்லை. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் 65 வயது தாண்டியவர்களுக்கு மாகாணத் திட்டம் பெரும்பகுதியைக் கொடுக்கிறது. அதற்குக் குறைந்தவர்களுள் பெரும்பாலானோர் வேலைத்தலக் காப்புறுதியை நம்பியிருக்கிறார்கள். அக்காவுக்கு ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடைப்பட்ட மாதங்கள்தான் மருந்துச் செலவில் மிகக் கடினமாக இருந்தன. நீரிழிவு மருந்துகளை எல்லோருக்கும் இலவசமாக்கும் நோக்கில் 2024 ஒக்ரோபரில் மத்திய அரசு ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஆயினும் ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியே ஒப்பந்தம் செய்தால்தான் அது அங்கே நடைமுறைக்கு வரும்.

அமெரிக்காவை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அதை விட்டுவிட்டு இன்சுலின் விலையைப் பேச முடியாது. 1996இல் சுமார் 21 டொலராக இருந்த ஒரு குப்பி ஹியூமலொக் இன்சுலின், இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 275 டொலரானது, மருந்து அதேதான். ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2018ஆம் ஆண்டு விலைகளை ஒப்பிட்டபோது, ஓர் அலகு இன்சுலினுக்கு (ஒரு குப்பி அல்லது ஒரு பேனா போன்றது) உற்பத்தியாளர் விலை அமெரிக்காவில் சராசரியாக 98.70 டொலர், கனடாவில் 12, பிரித்தானியாவில் 7.52. 2023 முதல் அமெரிக்காவில் மெடிக்கெயார் என்ற அரச காப்புறுதியில் உள்ள முதியோருக்கு இன்சுலினுக்கு மாதம் 35 டொலர் என்ற உச்சவரம்பு வந்திருக்கிறது. இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் அதன் காப்புரிமையை 1923இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்குத் தலைக்கு ஒரு டொலருக்குக் கொடுத்தார்கள் என்பதை இந்த இடத்தில் நினையாமல் இருக்க முடியவில்லை.

இனி உங்கள் அப்பாவின் விடயம். பெற்றோர் நீண்ட காலம் தங்குவதற்குக் கனடா கொடுக்கும் சுப்பர் விசாவில் அவர் வருவதானால், அதற்குக் குறைந்தது ஒரு இலட்சம் கனேடிய டொலருக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். ஏற்கெனவே உள்ள நீரிழிவு அதில் அடங்குமா, அடங்கினால் எத்தனை மாதம் மருந்து மாறாமல் இருந்திருக்க வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த காப்புறுதிகள் பல அங்கேதான் கையை விரிக்கின்றன. கிளினிக்கில் ஒரு மாதத்துக்குத்தான் அம்மாவுக்கு மருந்து கிடைப்பதால், அவர் அக்காவிடம் போனபோது மிச்ச மாதங்களுக்கு உரிய மாத்திரையை இங்கேயே தனியாரிடம் வாங்கி, மருத்துவரின் கடிதத்தோடு கொடுத்தனுப்பினோம். இன்சுலின் கைப்பையில்தான் போக வேண்டும். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் அது உறைந்துவிடக்கூடும். மெசினையும் இங்கிருந்தே கொண்டுபோகச் சொல்லுங்கள். அக்கா அங்கே வாங்கிக் கொடுத்த மெசின் 8.4 என்று காட்ட, நூறுக்கு மேல் எண்களையே பார்த்துப் பழகிய அம்மா சீனி அடியோடு இறங்கிவிட்டது என்று பயந்து இரண்டு கரண்டி சீனியைக் கரைத்துக் குடித்துவிட்டார். அங்குள்ள அலகு வேறு. பதினெட்டால் பெருக்கினால் அது 151.