98 பர்சன்டைல், ஆனால் மார்க் எவ்வளவு?

கேள்வி: பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான க்யூட் நுழைவுத் தேர்வில் என் மகளுக்கு ஆங்கிலத்தில் 98, பொலிட்டிக்கல் சயன்ஸில் 97 பர்சன்டைல். மூத்தவனுக்கு ஜே.இ.இ. இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வில் பர்சன்டைலை வைத்துத்தான் ரேங்க் போட்டார்கள். டெல்லி யுனிவர்சிட்டி மட்டும் ஏன் மார்க்கைப் பார்க்கிறது? பர்சன்டைல் சராசரியை வைத்துக் காலேஜ் தேர்ந்தெடுக்கலாமா?
– வாசகி, ஆர்.கே.புரம், புது டெல்லி

பதில்: வேண்டாம் அம்மா, கணக்கு தப்பிவிடும். 98 பர்சன்டைல் என்றால் அந்த ஷிப்ட்டில் அந்தத் தாளை எழுதியவர்களில் நூற்றுக்கு 98 பேர் அவளுக்குச் சமமாகவோ கீழாகவோ மார்க் வாங்கியிருக்கிறார்கள். அவ்வளவுதான். ஜே.இ.இ. மெயினில் எல்லோரும் அதே மூன்று பாடங்களை எழுதுகிறார்கள். மொத்த மார்க்கின் பர்சன்டைலை ஒப்பிடலாம். க்யூட்டில் ஆளுக்கொரு பாடம். ஆங்கிலம் எழுதும் கூட்டம் வேறு, சமஸ்கிருதம் எழுதும் கூட்டம் வேறு. இரண்டு வரிசையில் நின்ற இடங்களைக் கூட்டினால் எதற்கும் உதவாது.

டெல்லி யுனிவர்சிட்டி கூட்டுவது ஸ்கோர்கார்டில் உள்ள நார்மலைஸ்டு மார்க்கை, அதாவது ஷிப்ட்டுகளின் கடினத்தைச் சமன்செய்த மார்க்கை. உதாரணமாக, 95 பர்சன்டைலுக்குக் காலை ஷிப்ட்டில் 180 மார்க், கடினமான மாலைத் தாளில் 160 என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஷிப்ட்டில் 95 பர்சன்டைல் வாங்கியிருந்தாலும் சராசரியான 170தான் கிடைக்கும். விடைக்குறிப்பை வைத்து வீட்டில் போட்ட கூட்டல் மாறிப்போவது இதனால்தான்.

பொலிட்டிக்கல் சயன்ஸ் ஹானர்ஸுக்கு வழக்கமான சேர்க்கை ஒரு மொழி, மூன்று பாடங்கள். தாளுக்கு 250 மார்க், மொத்தம் 1000. (பன்னிரண்டாம் வகுப்பில் தமிழ் படித்த பிள்ளைகள் தமிழையே மொழித்தாளாக எழுதலாம், இது நம்மவர்கள் பலருக்குத் தெரிவதில்லை.) பலர் சறுக்கும் இடம் பழைய கட்-ஆஃப். 2024இல் தாளுக்கு 200, மொத்தம் 800. அந்தப் பட்டியலில் 740 என்றிருந்தால் 1.25ஆல் பெருக்குங்கள்: 925. அதன் பக்கத்தில் உங்கள் மகளின் மொத்தத்தை வையுங்கள். இரண்டு பேருக்கு மொத்தம் சமமானால் பன்னிரண்டாம் வகுப்பின் சிறந்த மூன்று பாடங்களின் சதவீதம் முடிவுசெய்யும்.

விருப்ப வரிசையில் உண்மையிலேயே ஆசைப்படும் காலேஜை மேலே வையுங்கள். சீட் வந்ததும் கெடுவுக்குள் ஏற்றுக்கொண்டு, அதற்குப் பிறகு வரிசையில் மேலே உள்ள காலேஜுக்கு மாற அப்கிரேடு கேளுங்கள். ஏற்காமல் விட்டால் அந்தச் சீட் போய்விடும்.

கேள்வி: அமெரிக்கக் காலேஜ்கள் சாட் (SAT) நுழைவுத் தேர்வில் மார்க், பர்சன்டைல் இரண்டில் எதைப் பார்க்கும்?
– வாசகர், மயூர் விஹார்

பதில்: 1600க்கு வாங்கிய மார்க்கை. சாட்டில் இரண்டு விதமான பர்சன்டைல் உண்டு. ஒன்று அமெரிக்க மாணவர் மாதிரியோடு ஒப்பிட்டது, அது கொஞ்சம் தாராளமாகத் தெரியும். அதை நம்பாதீர்கள். காலேஜ் தன்னிடம் சேர்ந்த மாணவர்களைப் பற்றி வெளியிடும் 25, 75ஆம் பர்சன்டைல் மார்க்குகளைத் தேடுங்கள். உங்கள் மார்க் அவற்றுக்கு நடுவில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. (MIT) சாட் அல்லது அதைப் போன்ற ஏ.சி.டி. (ACT) தேர்வு கட்டாயம் என்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு இந்த இரண்டையும் பார்ப்பதே இல்லை.