கேசினோ விற்ற பணமும் டெட்ராய்ட் நகர மையமும்: கேள்வி பதில்

டெட்ராய்ட் தொழிலதிபர் டான் கில்பர்ட்டின் கேசினோ நிறுவனம் ஜேக் என்டர்டெயின்மென்ட் 2018 முதல் 2020 வரை கேசினோக்களை வரிசையாக விற்றது, அவருடைய மனை வணிக நிறுவனம் பெட்ராக் டெட்ராய்ட் நகர மையத்தில் கட்டுவது, அதற்கு வரும் வரிச் சலுகை ஆகியவை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். தொகை எல்லாம் அமெரிக்க டாலர்.

கே: டெட்ராய்டின் கிரீக்டவுன் கேசினோவை 100 கோடிக்கு விற்றார்கள் என்கிறார்கள். வாங்கியவர்கள் இரண்டு பேர் என்றும் சொல்கிறார்கள். குழப்பமாக இருக்கிறது சார்.

விற்றது ஒன்றல்ல, இரண்டு. நிலமும் கட்டடமும் ஒரு சொத்து. உரிமத்தோடு நடக்கும் தொழில் இன்னொரு சொத்து. 2018 நவம்பரில் அறிவித்த ஒப்பந்தத்தில் நிலம், கட்டடத்தை விசி பிராப்பர்ட்டீஸ் 70 கோடிக்கும், தொழிலை பென் நேஷனல் 30 கோடிக்கும் எடுத்தார்கள். பென் அந்தக் கட்டடத்திலேயே விசிக்கு வாடகைதாரர். முதலாண்டு வாடகை சுமார் 5.56 கோடி, அதாவது 70 கோடிக்கு ஏறக்குறைய 7.9 சதவீதம்.

இந்த 7.9ஐ மனதில் வையுங்கள். சின்சினாட்டி ஜேக் கேசினோ 2019இல் 74.5 கோடிக்குப் போனது: விசி 55.8, ஹார்ட் ராக் 18.7. வாடகை 4.275 கோடி, 7.7 சதவீதம். கேசினோ கட்டடங்களுக்கு அன்றைய சந்தை இந்த அளவில்தான் விலை போட்டது.

விசி ஒரு ரீட், அதாவது வாடகை தரும் கட்டடங்களை வைத்திருக்கும் முதலீட்டு நிறுவனம். வரிக்குரிய வருமானத்தில் குறைந்தது 90 சதவீதத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும்; பிரித்துக் கொடுத்த பகுதிக்குப் பொதுவாக நிறுவன வரி கிடையாது. அதனால் நிலையான வாடகைக்கு அவர்களால் நல்ல விலை தர முடிகிறது. சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பு மூன்றும் வாடகைதாரர் தலையில். சூதாட்ட வருமானம் சரிந்தாலும் வாடகை சரியாது. பிற்பாடு கேசினோவில் ஆட்குறைப்பு என்று செய்தி வந்தால் முதலில் நான் பார்ப்பது வாடகைக்கு எத்தனை மடங்கு வருமானம் நிற்கிறது என்பதைத்தான்.

கையெழுத்துப் போட்ட அன்றே கைமாறிவிடாது. புதியவருக்கு மாநில வாரிய அனுமதி வேண்டும். கிரீக்டவுன் முடிந்தது 2019 மேயில்.

கே: அந்த 100 கோடியைத்தான் கில்பர்ட் நகர மையத்தில் பெட்ராக்கின் ஹட்சன்ஸ் கோபுரத்தில் போட்டாரா?

விற்பனை விலை வேறு, கையில் நிற்கும் பணம் வேறு. விலையிலிருந்து கேசினோ மேல் இருந்த கடன், கூட்டாளிகள் பங்கு, செலவு, மூலதன ஆதாய வரி எல்லாம் போன பிறகே மிச்சம். அந்த மிச்சம் எந்தக் கட்டடத்துக்குள் போனது என்று வெளியிலிருந்து யாராலும் காட்ட முடியாது. தனியார் குழுமத்தில் பணத்துக்கு முத்திரை கிடையாது.

காலத்தையும் பாருங்கள். ஹட்சன்ஸ் மனையில் 2017 டிசம்பரில் பணி தொடங்கிவிட்டது. விற்பனை முடிந்தது 2019இல். ஒன்றுக்காக மற்றொன்று என்று முடிச்சுப் போட இது இடம் தரவில்லை.

பொதுவாக ஒரு வழி உண்டு. 2017 கூட்டாட்சி வரிச் சட்டத்தின் வாய்ப்பு மண்டலத் திட்டத்தில் (பின்தங்கிய பகுதிகளுக்கு முதலீட்டை ஈர்க்கும் திட்டம்), ஆதாயத்தை 180 நாளுக்குள் தகுதியான நிதியத்தில் போட்டால் வரியைத் தள்ளிவைக்கலாம். 10 ஆண்டு வைத்திருந்தால் புது முதலீட்டின் வளர்ச்சிக்கு வரி இல்லை. 180ஐத் தவறவிட்டால் சலுகை போயிற்று. இங்கே யார் அதைப் பயன்படுத்தினார்கள் என்று ஊகிக்க மாட்டேன்.

கே: கிளீவ்லாந்து கேசினோவையும் விற்றாச்சு, ஆனால் பெயர்ப் பலகை ஜேக் என்றே இருக்கிறதே?

விசிக்கு விற்றுவிட்டு அங்கேயே வாடகைக்கு இருக்கிறார்கள். 2020 ஜனவரியில் ஹிக்பீ கட்டடக் கேசினோவும் திஸில்டவுன் குதிரைப் பந்தயத் திடலும் சேர்ந்து 84.3 கோடி, முதலாண்டு வாடகை 6.59 கோடி. தொழில் கைமாறவில்லை.

கே: 100 கோடியும் டெட்ராய்ட் நகர மையத்துக்கே வந்ததா?

மேலே சொல்லிவிட்டேன்.

கே: பெட்ராக்குக்கு அரசு 61.8 கோடி கொடுத்தது சரியா?

"கொடுத்தது" என்பதே தவறான இடத்தில் தொடங்குகிறது. 2017இல் மிச்சிகன் கொண்டுவந்த மாற்றநோக்கு பிரவுன்ஃபீல்டு (கைவிடப்பட்ட பழைய மனைகளை மீட்டுக் கட்டுவது) சட்டப்படி, கட்டி முடித்த இடத்தில் பிறக்கும் வரியில் ஒரு பகுதி கட்டியவருக்கே திரும்பும். சொத்து வரி உயர்வு மட்டும் அல்ல. கட்டுமானக் காலத்து விற்பனை வரி, தொழிலாளர் வருமான வரி, பிறகு அங்கே வேலை செய்பவர்கள் சம்பளத்தில் பிடிக்கும் மாநில வருமான வரியில் ஒரு பங்கு, இவ்வளவும் இதில் சேரும். 6 லட்சம் பேருக்கு மேல் வாழும் ஊரில் குறைந்தது 50 கோடி முதலீடு வேண்டும். ஹட்சன்ஸ், புக் டவர், மன்றோ பிளாக், கேம்பஸ் மார்ஷியஸ் விரிவு என்று நான்கும் சேர்ந்து 200 கோடிக்கு மேற்பட்ட திட்டத்துக்கு 2018இல் அனுமதியான உச்சவரம்புதான் 61.8 கோடி.

கட்டாவிட்டால் காசில்லை. மன்றோ பிளாக்கில் 2018 டிசம்பரில் மண் வெட்டியும் பணி வருடக்கணக்கில் நின்றது. எழும்பாத கட்டடத்திலிருந்து திருப்பித் தர வரியே பிறக்கவில்லை.

கே (வரி ஆலோசகர் ஒருவர்): அப்படியானால் மக்களுக்கு நஷ்டமே இல்லை. கட்டடம் இல்லையென்றால் அந்த வரியும் இல்லை.

பாதி சரி. ஹட்சன்ஸ் பல்பொருள் அங்காடி 1998இல் இடிக்கப்பட்ட பிறகு, புதுப் பணி தொடங்கும்வரை அங்கே கோபுரம் இல்லை. சொத்து வரி உயர்வு புதியது என்று ஒப்புக்கொள்வேன். வருமான வரியில் ஒப்ப மாட்டேன். ஜெனரல் மோட்டார்ஸ் தன் தலைமையகத்தை ரினைசன்ஸ் சென்டரிலிருந்து ஹட்சன்ஸுக்கு மாற்றுவதாக 2024இல் அறிவித்தது. சில தெருக்கள் தள்ளி. அந்த ஊழியர் ஏற்கெனவே மிச்சிகனுக்கு வரி கட்டிக்கொண்டிருந்தவர். நாற்காலி மாறியது, வரி புதிதாகப் பிறக்கவில்லை.

கே (அவரே): முன்பிருந்த வரியை, அதாவது அடிப்படை அளவைக் கழித்துவிட்டுத்தானே தருகிறார்கள்?

அடிப்படை அளவு அந்த மனைக்கு உரியது. காலி மனையில் முன்பு யாருக்குச் சம்பளம்? அதனால்தான் திட்ட ஆய்வில் இடப்பெயர்ச்சிக் கணக்கு (வேறு இடத்திலிருந்து மாறி வரும் வேலை எவ்வளவு என்பது) எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கச் சொல்கிறேன்.

கே (அவரே): நிறுவனம் வேறு மாநிலத்துக்கே போயிருந்தால்?

போயிருக்கும் என்றால் உங்கள் வாதம் நிற்கும். அதை நிரூபிக்கும் பொறுப்பு சலுகை கேட்பவருடையது. "போயிருக்கலாம்" போதாது. வேலை இல்லாத இடத்தில் வேலை வந்தால் முழுப் பங்கும் கொடுங்கள். பக்கத்துத் தெருவிலிருந்து வந்தால் குறையுங்கள். இதற்கு மேல் இந்த இழையை இழுக்க வேண்டாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கே: கேசினோ வரியே நகர மையத்துக்குப் போதாதா?

சின்சினாட்டியும் கிளீவ்லாந்தும் இருக்கும் ஒஹாயோவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கேசினோவின் மொத்த வருவாயில் 33 சதவீதம் வரி. அதில் கேசினோ இருக்கும் ஊருக்கு 5 சதவீதம்தான். மாவட்டங்களுக்கு 51, பள்ளிகளுக்கு 34. அதை வைத்துக் கோபுரம் எழாது.

கே: டெட்ராய்டின் இலிச் குடும்பம் பேஸ்பால் அணியும் கேசினோவும் வைத்திருந்தது எப்படி?

அணி மைக் பெயரில், மோட்டார்சிட்டி கேசினோ மரியன் பெயரில். இருவரும் கணவன் மனைவி. மைக் 2017இல் காலமானார்.

கே: ஆன்லைன் ரம்மி ஆப்பில் பணம் மாட்டிக்கொண்டது...

என் துறை இல்லை தம்பி. வழக்கறிஞரைப் பாருங்கள், தாமதிக்காதீர்கள்.

கே: கொழும்பு சிட்டி ஆஃப் ட்ரீம்ஸும் இதே மாதிரியா?

பிரிவு மட்டும் இதே மாதிரி: கட்டடம் ஜான் கீல்ஸ், கேசினோவை நடத்துவது மெல்கோ. வரிச் சட்டம் வேறு.

கே: 100 கோடி கிரீக்டவுன் பணம் எங்கே போனது?

மூன்றாவது முறை. இரண்டாம் பதிலைப் படியுங்கள்.

கே: டெட்ராய்டில் குடியிருக்கிறேன். அடுத்த திட்டக் கூட்டத்துக்குப் போனால் என்ன கேட்பது?

7.5 கோடிக்கு மேற்பட்ட திட்டம், 10 லட்சத்துக்கு மேல் பொதுச் சலுகை என்றால் 2016 சமூகப் பயன் நகரச் சட்டப்படி ஒன்பது பேர் கொண்ட அக்கம்பக்கக் குழு அமையும். அதில் இடம் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

முதலில், பணம் முன்கூட்டியா, கட்டிய பிறகா? டெட்ராய்டின் லிட்டில் சீசர்ஸ் விளையாட்டு அரங்கத்துக்குப் பொதுப் பங்கு சுமார் 32.4 கோடி, அங்கே நகர மைய வளர்ச்சி ஆணையத்துக்காக முன்கூட்டியே கடன் பத்திரம் வெளியிடப்பட்டது. பெட்ராக்கில் கட்டியவர் செலவழித்த பிறகு திரும்ப வாங்குகிறார். யார் தலையில் ஆபத்து என்பதை இந்த ஒரு வித்தியாசமே தீர்மானிக்கிறது.

அடுத்து, ஒரே கட்டடத்துக்கு எத்தனை சலுகை? ஹட்சன்ஸுக்கு 2018 திட்டத்துக்கு மேல் 2022இல் சுமார் 6 கோடி சொத்து வரித் தள்ளுபடியையும் நகர மன்றம் 10 ஆண்டுக்குத் தந்தது. தனித்தனிக் காகிதங்களில் வருவதால் கூட்டிப் பார்க்க யாரும் உட்காருவதில்லை. எல்லாவற்றையும் ஒரே தாளில், ஆண்டுவாரியாகக் கேளுங்கள்.

பிறகு செலவு மதிப்பீட்டின் தேதி. ஹட்சன்ஸ் 90 கோடியை ஒட்டிப் பேசப்பட்டு 140 கோடி வரை போயிற்று. பழைய மதிப்பீட்டை வைத்து வாங்கிய அனுமதி புதிய விலைக்கும் செல்லுமா, மறுபடி மன்றத்துக்கு வருவார்களா என்பதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். திருப்பிச் செலுத்தல் ஒப்பந்தத்தின் நகலையும் அன்றே கேட்டுவிடுங்கள். பத்திரிகைக் குறிப்பு போதாது.