அந்த ஓட்டைப்பல் பையன் யார் பிள்ளை?

அன்புள்ள ஐயா,

அப்பாவின் பழைய பெட்டியில் அமெரிக்க நகைச்சுவைப் பத்திரிகை 'மேட்' இதழ்கள் சில கிடைத்தன. எல்லா அட்டையிலும் ஓட்டைப்பல்லோடு சிரிக்கும் அதே பையன். பத்திரிகையின் முதல் ஆசிரியர் ஹார்வி கர்ட்ஸ்மன்தான் அவனை உருவாக்கினார் என்கிறான் என் நண்பன். உண்மையா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒன்று: அந்த இதழ்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. கர்ட்ஸ்மன் அவனை உருவாக்கவில்லை, கண்டெடுத்தார். வில்லியம் கெய்ன்ஸ் வெளியீட்டாளராக இருக்க, 1952-ல் நியூயார்க்கில் பத்து சென்ட் காமிக்ஸாக மேட் தொடங்கியபோது அந்தப் பையன் அதில் இல்லை. பாலன்டைன் பதிப்பகத்தில் ஓர் ஆசிரியரின் அறிவிப்புப் பலகையில் குத்தியிருந்த அஞ்சலட்டையில்தான் கர்ட்ஸ்மன் அந்த முகத்தைப் பார்த்தார். 'நானா கவலைப்படுவேன்?' என்று கேட்கும் முகம். 1954 கடைசியில் மேட் தொகுப்பு நூல் ஒன்றின் அட்டையில் அது வந்தது, மறு வருடம் பத்திரிகைக்குள்ளும் நுழைந்தது.

ஆனால் அந்த முகத்துக்கு அப்போதே அறுபது வயது இருக்கும். 1890-களின் நாடக விளம்பரத்தில், வலிக்காமல் பல் பிடுங்குகிறேன் என்ற பல் வைத்தியரின் விளம்பரத்தில் என்று எங்கெங்கோ அலைந்த முகம் அது. 1914-ல் அதற்குக் காப்புரிமை பதிவுசெய்த ஓர் ஓவியரின் மனைவி பின்னாளில் மேட் மீது வழக்குப் போட்டார். காப்புரிமைக் குறிப்பே இல்லாமல் இத்தனை பிரதிகள் புழங்க விட்டுவிட்டீர்கள், இனி உரிமை கேட்க முடியாது என்று 1965-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்படியானால் அவன் யார் பிள்ளை? என்னைக் கேட்டால் நார்மன் மிங்கோவின் பெயரைச் சொல்வேன். 1956-ல் கர்ட்ஸ்மன் விலகி, ஆல் ஃபெல்ட்ஸ்டீன் ஆசிரியரானார். ஓவியர் தேவை என்று நியூயார்க் டைம்ஸில் வந்த விளம்பரத்தைப் பார்த்து வந்தவர் மிங்கோ, வயது அறுபது. பையன் முட்டாளாகத் தெரியக் கூடாது, கண்ணுக்குப் பின்னால் புத்தி தெரிய வேண்டும் என்றார் ஃபெல்ட்ஸ்டீன். அந்த வருட டிசம்பரில் 30-வது இதழின் அட்டையில் ஜனாதிபதி வேட்பாளராக வந்து நின்றான் ஆல்ஃபிரட் இ. நியூமன் என்ற அந்தப் பையன். ஊரெல்லாம் சுற்றிய முகம் ஓர் ஆளானது அன்றுதான்.

யாருக்கும் சொந்தமில்லாத முகம் இந்தப் பத்திரிகைக்குப் பொருந்தியதில் எனக்குப் பெரிய சந்தோஷம் உண்டு. 1957-லிருந்து 2001 வரை மேட் வெளியார் விளம்பரமே வாங்கவில்லை. அதனால்தான் சிகரெட் கம்பெனியையும் விளம்பர உலகத்தையும் பயமில்லாமல் கிழிக்க முடிந்தது. வாசகர் கொடுத்த காசிலேயே எழுபதுகளின் தொடக்கத்தில் இருபது லட்சம் பிரதிகளைத் தாண்டியது. 2019-க்குப் பிறகு பெரும்பாலும் மறுபிரசுரம்தான், அதை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

சரி, அப்பாவின் இதழ்களில் மிங்கோ கையெழுத்துப் போட்ட அட்டை ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பல்லை விட்டுவிட்டு அந்தக் கண்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள்.

அன்புடன்.