மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன், அப்புறம் ஏன் இந்த மறதி?

ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊர்ப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா எழுதியிருக்கிறார். வயது 44, கருவாட்டு வியாபாரம். எச்.ஐ.வி.க்கு 11 வருடமாகக் கூட்டு மருந்து சாப்பிடுகிறார், ஒரு நாள்கூட விட்டதில்லை. நாலைந்து மாதமாக யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தோம் என்பது மனசில் நிற்கவில்லை, அடுப்பில் வைத்த சோறு அடிப்பிடிக்கிறது, ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் விடிகிறவரை தூக்கம் இல்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. "கிருமி மூளைக்கு ஏறிவிட்டதா? நாத்தனார் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போகலாம் என்கிறாள். 19 வயது மகளிடம் சொல்லலாமா?" என்று கேட்கிறார். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளும் நெஞ்செரிச்சலுக்கு ஜெல்லும் சாப்பிடுவதாகக் கடைசியில் ஒரு வரி. அந்த வரி முக்கியம், அதற்குப் பிறகு வருகிறேன்.

அக்கா, உங்கள் பயம் சும்மா வந்ததில்லை. எச்.ஐ.வி. மூளைக்குள் போகும், அதுவும் தொற்றிய சில வாரங்களிலேயே போய்விடும். ஆனால் நரம்புச் செல்லை அது நேரடியாகத் தின்பதில்லை. மூளையில் இருக்கும் எதிர்ப்புச் செல்களுக்குள் உட்கார்ந்துகொண்டு ஓயாத அழற்சியை உண்டாக்குகிறது, அந்த அழற்சிதான் நரம்புகளைக் கெடுக்கிறது. கூட்டு மருந்து வருவதற்கு முன்னால் இதனால் முழு மறதி நோய்வரை போனவர்கள் நிறைய. இப்போது மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் கிருமியின் அளவு, அடங்கி இருப்பவர்களிடம் அந்த அளவு பாதிப்பு அபூர்வம். லேசான மந்தம் சிலருக்கு வரலாம், அதிலும் சிகிச்சை தொடங்குமுன் சி.டி.4 (ரத்தத்தில் உள்ள எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை) ரொம்பக் கீழே இறங்கிப் போயிருந்தவர்களுக்குக் கொஞ்சம் அதிகம். கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் கொடுத்த உங்கள் பழைய புத்தகத்தை எடுத்து, ஆரம்பத்தில் சி.டி.4 எவ்வளவு இருந்தது என்று பாருங்கள், டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.

அந்த மந்தத்துக்கு ஒரு சாயல் உண்டு. ஆளே மெதுவாகிவிடுவார், யோசனை, பேச்சு, கைவேலை எல்லாமே. ஒரே நேரத்தில் எடை போடுவதும் சில்லறை கொடுப்பதும் முடியாது. மறந்ததை யாராவது எடுத்துக் கொடுத்தால் ஞாபகம் வந்துவிடும்.

ஆனால் நீங்கள் எழுதியதில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது மறதி இல்லை. நடுராத்திரி முழிப்பும், யாரோடும் பேசப் பிடிக்காததும்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் அது மனச்சோர்வாக இருக்க வாய்ப்பு அதிகம், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அது மற்றவர்களைவிட அதிகமாகவே வருகிறது. மனச்சோர்வில் விஷயம் மனசுக்குள் பதிவதே இல்லை, பதியாததை எப்படி ஞாபகப்படுத்துவது? இது குணமாகக்கூடியது. செர்ட்ரலின், எஸ்சிடலோப்ராம் போன்ற மாத்திரைகள் கூட்டு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கக்கூடியவைதான், மனநல டாக்டர் பார்த்துத் தருவார். வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் தேதி பார்த்துக் காத்திருக்க வேண்டாம், உடனே 14416 எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அரசு நடத்தும் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

இனி அந்தக் கடைசி வரி. இப்போது பெரும்பாலானோருக்கு டோலுடெக்ராவிர் கலந்த ஒற்றை மாத்திரைதான் தருகிறார்கள். கால்சியம், இரும்புச்சத்து, நெஞ்செரிச்சல் ஜெல் இவையெல்லாம் அந்த மருந்தை வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போக வேண்டிய அளவு போகாது. நீங்கள் நாள் தவறாமல் போட்டும் கிருமி தலைதூக்க இது ஒன்று போதும். ஆகவே கூட்டு மருந்தை இவற்றுக்கு 2 மணி நேரம் முன்னால் சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் 6 மணி நேரம் கழித்து. கால்சியம், இரும்பு மாத்திரையை மட்டும் சாப்பாட்டோடு சேர்த்துக் கூட்டு மருந்துடன் ஒன்றாகவே போடலாம், ஜெல்லுக்கு அந்தச் சலுகை இல்லை. டோலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தையும் கெடுக்கும். ராத்திரி போடுகிறவர் என்றால் காலைக்கு மாற்றலாமா என்று மையத்தில் கேளுங்கள். பழைய எஃபாவிரென்ஸ் சாப்பிடுகிறவர்களுக்குத் தலைசுற்றலும் கெட்ட கனவும் மனச்சோர்வும் வரலாம், அவர்களுக்கு மருந்தையே மாற்றிவிடலாம். எதுவானாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது "மறதியாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். வைரல் லோடு, ரத்தச்சோகை, தைராய்டு, பி12, சர்க்கரை, சிபிலிஸ் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். 44 வயதில் மாதவிலக்கு நிற்கும் காலத்துத் தூக்கக் கோளாறும் சேர்ந்திருக்கலாம். நாலு வார்த்தை சொல்லிச் சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பது, விரலை வேகமாகத் தட்டச் சொல்வது என்று ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. 12 மதிப்பெண்ணில் 10 அல்லது அதற்குக் கீழே வந்தால் இன்னும் விரிவாகப் பார்ப்பார்கள், பயந்துவிடாதீர்கள், அது நோய் என்ற முடிவு இல்லை. ஆனால் விடாத தலைவலியோடு காய்ச்சல், வலிப்பு, ஒரு பக்கம் கைகால் விழுவது, திடீர்க் குழப்பம் இதில் எது வந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

ஏர்வாடிக்குப் போவதை நான் தடுக்க மாட்டேன், தர்காவில் உட்கார்ந்தால் மனசு ஆறும் என்றால் போய் வாருங்கள். மாத்திரையைக் கையில் கொண்டு போங்கள், வைத்தியத்தை விட்டுவிட்டு அங்கே தங்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் தீயில் கருகியது நம் கரையில் யாருக்கும் மறக்காது. பிறகு அங்கேயே துவாவோடு, அதாவது பிரார்த்தனையோடு, மருந்தும் சேர்த்துத் தருகிற ஏற்பாட்டை அரசு கொண்டுவந்தது.

அதுவரை கடன் கணக்கைக் கூடை கைமாறிய இடத்திலேயே நோட்டில் எழுதுங்கள். அடுப்புக்கு ஃபோனில் அலாரம். மாத்திரை போட்டதும் காலண்டரில் ஒரு கோடு.

மகளிடம் சொல்வது முழுக்க உங்கள் முடிவு. உங்கள் நிலையை உங்கள் சம்மதமில்லாமல் ஆஸ்பத்திரிக்காரர்கள் வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. "அம்மாவுக்குத் தூக்கம் இல்லை, கணக்கு நிற்க மாட்டேன் என்கிறது, கொஞ்சம் கூட இரு" என்று இப்போதைக்கு இதை மட்டும் சொல்லலாம், அதில் பொய் எதுவும் இல்லை. முழுசாகச் சொல்ல மனசு வரும் நாளில் மையத்துக் கவுன்சிலரைக் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் வருவார்கள்.