டிஎன்ஏ எந்தப் பக்கம் சுற்றும்? – வாசகர் கேள்விகள், ஓவியர் பதில்கள்

ஆய்விதழ்களுக்கு அட்டைப்படம் வரைவதுதான் என் பிழைப்பு என்று சென்ற மாதம் இந்தப் பத்திரிகையில் நாலு வரி வந்தது. 'அப்படி ஒரு வேலை இருக்கிறதா?' என்று ஆரம்பித்துக் கடிதங்கள் வர, ஆசிரியர் மொத்தத்தையும் கட்டி எனக்கே அனுப்பிவிட்டார். முடிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

எங்கள் பேப்பர் ஒரு வேதியியல் ஆய்விதழில் ஏற்கப்பட்டுவிட்டது. அட்டைக்குப் படம் இருந்தால் அனுப்பலாம் என்று எடிட்டர் மெயில் போட்டிருக்கிறார். 'பேப்பரில் இருக்கிற ஃபிகரையே கலர் கூட்டி அனுப்பு' என்கிறார் என் கைடு. அனுப்பலாமா, மேடம்?
– ஆராய்ச்சி மாணவி, திருச்சி

முதலில் வாழ்த்துகள். கைடிடம் சண்டைக்குப் போகாதீர்கள், ஆனால் அதை அனுப்பாதீர்கள். பேப்பருக்குள் இருக்கும் ஃபிகர், சந்தேகப்பட்டுக்கொண்டே படிக்கும் ஆளுக்காகப் போட்டது. அதில் அச்சு, அளவுகோல், அ, ஆ, இ, ஈ என்று நாலு கட்டம் எல்லாம் இருக்கும். அட்டையைப் பார்ப்பவர் உங்கள் துறைக்காரராகவே இல்லாமல் இருக்கலாம். அவர் நின்று பார்க்கப்போவது ஒரு விநாடி.

ஹாஸ்டலில் வேறு துறைத் தோழி ஒருத்தி இருப்பாள். உங்கள் பேப்பரை அவளிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது வாக்கியம் தேவைப்பட்டால் அட்டைக்கு இன்னும் பொருள் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துவைக்கும் நுண்துளைப் பொருள் ஒன்றுக்கு அட்டை கேட்டு ஒரு குழு வந்தது. அவர்கள் கேட்ட பட்டியல்: பூமி உருண்டை, புகைபோக்கி, பச்சை இலை, கைகுலுக்கும் மூலக்கூறுகள், ஓரத்தில் லேப் லோகோ. கல்யாண பேனரில் தாய்மாமன் படம் விட்டுப்போகக் கூடாது என்பது போல எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும் என்றார்கள். நான் பேப்பரைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறின் விட்டம் 3.3 ஆங்ஸ்ட்ராம் என்று கணக்கு, நைட்ரஜனுக்கு 3.64. ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. அவர்களுடைய துளை அந்த மயிரிழை வித்தியாசத்தில் ஒன்றை உள்ளே விட்டு மற்றதை வெளியே நிறுத்துகிறது. அப்புறம் என்ன, அந்தத் துளைக்குள் நின்று வாசலைப் பார்க்கிற மாதிரி வரைந்தேன். மூன்று மணி கோத்த மாதிரி நேர்க்கோட்டில் ஒரு கார்பன் டை ஆக்சைடு உள்ளே வருகிறது, நைட்ரஜன்கள் வாசலில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. பூமி உருண்டை இல்லை. லோகோவும் இல்லை. எடிட்டர் ஒப்புக்கொண்டார்.

சில நடைமுறை விஷயங்கள். மேலே ஏறத்தாழ கால்பாகத்தை விட்டுவைக்க வேண்டும், இதழின் பெயர் அங்கேதான் வரும். முக்கியமான புரதத்தை அங்கே வைத்துவிட்டு, அதன் தலைமேல் பெயரை அச்சடித்த பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை. படத்துக்குள் எழுத்து போடாதீர்கள், பெரும்பாலான இதழ்கள் ஏற்பதில்லை. அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். ஏ4 அளவு என்றால் 2480க்கு 3508 பிக்சல். அதற்கு மேல் நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைந்து வைத்தால் கட்டிங்கில் போக மீதி சரியாக இருக்கும். அளவு இதழுக்கு இதழ் மாறும் என்பதால் அவர்களுடைய விதிமுறைப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொன்று, நான் சிவகாசிக்காரி, அப்பா ஆப்செட் மெஷின்மேன் என்பதால் சொல்கிறேன். திரையில் மின்னுகிற நீலமும் கிளிப்பச்சையும் அச்சில் அப்படி வராது. நாலு மையின் எல்லைக்குள் அந்த நிறங்கள் கிடையாது. அனுப்புவதற்கு முன் சிஎம்ஒய்கே என்கிற அந்த நாலு மை முறைக்கு மாற்றி, சாயம் போன மாதிரி ஆகிறதா என்று பாருங்கள். ஆனால் அந்த அதிர்ச்சி வரைந்து முடித்த அன்று வேண்டாம், வரைய ஆரம்பிக்கும் அன்றே வரட்டும்.

பாடப்புத்தகம், ஆஸ்பத்திரி விளம்பரம், ஏன் கருத்தரங்கு பேனர் வரை டிஎன்ஏ படம் போடுகிறார்கள். சிலவற்றில் வலப்பக்கமாகவும் சிலவற்றில் இடப்பக்கமாகவும் முறுக்கிக்கொண்டு இருக்கிறது. மாணவர்கள் கேட்டால் என்ன சொல்வது?
– உயிரியல் ஆசிரியை, ஈரோடு

டீச்சர், இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு கும்பிடு. நம் செல்களில் சாதாரணமாக இருக்கும் டிஎன்ஏ வலப்புரி. இடம்புரியாகச் சுற்றும் இசட்-டிஎன்ஏ என்ற வகையும் உண்டு, 1979இல் அதன் படிக அமைப்பு வெளிவந்தது. ஆனால் பேனரில் இருப்பது அது இல்லை, வெறும் கவனக்குறைவு.

சோதிக்க ஒரு சுலப வழி: படத்தைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, நம் பக்கம் இருக்கிற இழையை மட்டும் கீழிருந்து மேலே பாருங்கள். இடமிருந்து வலமாக ஏறினால் வலப்புரி, சரியான படம். வலமிருந்து இடமாக ஏறினால் தப்பு. வீட்டில் இருக்கிற சாதாரண ஸ்க்ரூவின் மரையும் வலப்புரிதான், ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடலாம். பையன்கள் விளையாட்டாகச் செய்வார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. படத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் முறுக்கு மாறாது. கண்ணாடியில் காட்டினால்தான் மாறும். பல அட்டைகளில் தவறு நுழைவது இப்படித்தான். ஓவியர் சரியாக வரைந்திருப்பார், லேஅவுட் செய்பவர் 'தலைப்புக்கு இடம் அந்தப் பக்கம் வேண்டும்' என்று இடவலமாகப் புரட்டிவிடுவார். ஒரே சொடுக்கில் உயிரினங்களின் மரபுப் பொருள் இடம்புரியாகிவிடும். நான் கோப்பு அனுப்பும் மெயிலில் 'தயவுசெய்து புரட்ட வேண்டாம்' என்று தனி வரி போடுவேன்.

இன்னும் இரண்டு அடையாளம் சொல்கிறேன். இரண்டு இழைகளுக்கும் நடுவில் வெளியே தெரியும் பள்ளங்கள் ஒரே அகலமாக இருக்காது, ஒன்று அகலம், அடுத்தது குறுகல், மறுபடி அகலம். ஒரு முழுச் சுற்றுக்குப் பத்தரைப் படி. ஏணியைச் சும்மா முறுக்கியது போல வரைந்தவர்களிடம் இரண்டுமே இருக்காது.

இந்தக் கதை தொடங்கிய இடமே ஒரு ஓவியரின் கைதான். 1953 ஏப்ரல் 25 தேதியிட்ட நேச்சர் இதழில், டிஎன்ஏவின் வடிவத்தைச் சொன்ன வாட்சன்–கிரிக் கட்டுரையோடு வந்த இரட்டைச் சுருள் படத்தை வரைந்தவர் ஒடைல் கிரிக், பிரான்சிஸ் கிரிக்கின் மனைவி. இரண்டு நாடா, நடுவே குறுக்குக் கம்பிகள், அச்சாக ஒரு செங்குத்துக் கோடு, அவ்வளவுதான். இது வெறும் விளக்கப்படம் என்று கீழே எழுதியும் வைத்தார்கள். அணு ஒன்றுகூட அதில் இல்லை. ஆனால் முறுக்கு சரியான பக்கம். எதை விடலாம், எதை விடவே கூடாது என்பதற்கு நான் என் உதவியாளர்களுக்குக் காட்டும் முதல் படம் அது.

நம்மூர் உதாரணம் வேண்டுமென்றால் கொலாஜன், தோலிலும் எலும்பிலும் இருக்கும் புரதம். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-55இல் நேச்சரில் எழுதிய மூன்றிழைச் சுருள். இதில் ஒவ்வொரு தனி இழையும் இடம்புரி, மூன்றும் சேர்ந்து ஒன்றை ஒன்று சுற்றுவது வலப்புரி. ஜடை பின்னத் தெரிந்தவர்களுக்கே இதை வரையத் தலை சுற்றும். கொலாஜன் அட்டை வந்தால் நான் கையால் போடுவதில்லை, அணுக்களின் ஆயத்தொலைவுகளை இறக்கி அதன்மேல்தான் வரைகிறேன்.

வைரஸ் என்றால் சிவப்புக் குச்சி என்று மனதில் பதிந்துவிட்டது. உண்மையிலேயே அந்த நிறம்தானா?
– வாசகர், அம்பத்தூர்

இல்லை. கொரோனா வைரஸின் விட்டம் சுமார் 100 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமே ஏறத்தாழ 400இலிருந்து 700 நானோமீட்டர். அலையைவிடச் சிறிய தனி வைரஸுக்கு நாம் பழகிய அர்த்தத்தில் நிறம் என்று ஒன்று கிடையாது. எல்லோரும் பார்த்த அந்தச் சாம்பல் உருண்டையையும் சிவப்பு முட்களையும் 2020 ஜனவரியில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் அலிசா எக்கர்ட், டான் ஹிகின்ஸ் என்ற இருவர் உருவாக்கினார்கள். நிறம் அவர்கள் தேர்ந்தெடுத்தது. முள்ளின் வடிவம் ஆய்விலிருந்து வந்தது.

அணுக்களுக்கும் அதேதான். ஆக்சிஜன் சிவப்பு, நைட்ரஜன் நீலம், கார்பன் கறுப்பு, ஹைட்ரஜன் வெள்ளை. 1865இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹாஃப்மன் என்ற வேதியியலாளர் கிரோக்கே விளையாட்டுப் பந்துகளில் குச்சி செருகி மூலக்கூறு காட்டியபோது இட்ட நிறங்கள் இன்றும் ஓடுகின்றன. நிறத்தை மாற்றக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் ஆக்சிஜனைப் பச்சையாக்கினால் வேதியியல்காரர் கண் முதலில் அங்கேதான் போகும். பச்சை குளோரினுக்கு உரிய நிறம், அது எங்கே வந்தது என்று கேட்பார்.

எனக்கு உறுத்துவது நிறம் இல்லை, பின்னணி. கறுப்பு வெளியில் ஒற்றைப் புரதம் விண்கலம் மாதிரி ஒளிவிட்டுக்கொண்டு மிதக்கும். செல்லுக்குள் அப்படிக் காலி இடமே கிடையாது, தி.நகர் தீபாவளிக் கூட்டம்தான். கலிபோர்னியா ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தின் டேவிட் குட்செல், செல்லின் ஒரு துண்டைப் பத்து லட்சம் மடங்கு பெரிதாக்கி, இண்டு இடுக்கு விடாமல் மூலக்கூறுகளை நெருக்கி, நீர்வண்ணத்தில் வரைகிறார். பளபளப்பு, ஒளிவட்டம் எதுவும் இல்லை. தட்டையான நிறம், கறுப்பு வெளிக்கோடு. ஒரு முறை பார்த்தால் அந்த விண்வெளிப் புரதங்களை நம்ப மனம் வராது.

நான் ஓவியக் கல்லூரி மாணவன். பிளஸ் டூவோடு அறிவியலை விட்டாயிற்று. இந்தத் துறைக்கு வர முடியுமா? என்ன மென்பொருள் கற்க வேண்டும்?
– வாசகர், கும்பகோணம்

வரலாம் தம்பி. மென்பொருள் செலவு கிட்டத்தட்ட இல்லை. புரோட்டீன் டேட்டா பேங்க் என்ற பொதுக் களஞ்சியத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறு அமைப்புகள் இலவசமாக இருக்கின்றன. 1971இல் ஏழே அமைப்புகளோடு ஆரம்பித்தது. ஒவ்வொன்றுக்கும் நாலு எழுத்துக் குறியீடு உண்டு. '1பிஎன்ஏ' என்று தேடினால் பன்னிரண்டு படி கொண்ட ஒரு டிஎன்ஏ துண்டு கிடைக்கும். அதை மூலக்கூறுகளைக் காட்டும் கைமெராஎக்ஸ் மென்பொருளில் திறந்து, மேற்பரப்பு எடுத்து, முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டருக்குக் கொண்டுபோய் ஒளி அமைத்துப் பழகுங்கள். பிளெண்டர் யாருக்கும் இலவசம், கைமெராஎக்ஸ் வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு இலவசம். சம்பாதிக்க ஆரம்பித்ததும் உரிமம் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மென்பொருளைவிடச் சிரமமானது விஞ்ஞானியிடம் கேள்வி கேட்பது. 'புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்' என்று கூச்சமில்லாமல் கேட்கத் தெரிய வேண்டும். தலையாட்டிவிட்டு வந்தவர்கள் வரைவதில்தான் நாலு பிணைப்புக் கார்பனுக்கு ஐந்து கை முளைக்கும்.

கூலி எப்படி?
– வாசகி, நாகர்கோவில்

குடும்பம் நடக்கிறது. பாதி முன்பணம், இரண்டு திருத்தம் வரை அதே தொகை, அதற்கு மேல் தனி. அட்டையில் இடம் கிடைக்காவிட்டாலும் உழைப்புக்குப் பணம் உண்டு என்பதை முதலிலேயே மெயிலில் எழுதி வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சை நம்பி ஒரு வெளிநாட்டு லேபிடம் நான் இன்னும் வசூலித்துக்கொண்டிருக்கிறேன். சில பதிப்பகங்கள் அட்டைக்கு ஆய்வாளரிடமே கட்டணம் வாங்குகின்றன. அது வேறு கணக்கு, ஓவியருக்கு அதில் பங்கு இல்லை.

ஏஐ வந்த பிறகு உங்களுக்கு வேலை இருக்குமா?
– வாசகர், கோவை

கேட்காத ஆள் இல்லை. ஸ்பிரிங்கர் நேச்சர் இதழ்கள் பொதுவாக ஏஐ உருவாக்கிய படங்களை ஏற்பதில்லை, விதிவிலக்குகள் சில உண்டு. எல்செவியர் பதிப்பகம் அட்டைக்கு மட்டும், முன்அனுமதியும் உரிமைச் சான்றும் இருந்தால் சில சமயம் விடுகிறது. 2024 பிப்ரவரியில் ஃபிரான்டியர்ஸ் குழும இதழ் ஒன்றின் கட்டுரைக்குள் மிட்ஜர்னி என்ற ஏஐ வரைந்த எலி வந்தது. அதன் ஓர் உறுப்பு உடம்பைவிடப் பெரிது, பெயர்க் குறிப்புகள் எந்த மொழியிலும் இல்லாத சொற்கள். மூன்றே நாளில் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். டிஎன்ஏவின் முறுக்கு எந்தப் பக்கம் என்று ஏஐயிடம் கேட்டுப் பாருங்கள், சரியாகச் சொல்லும். வரையச் சொன்னால்தான் அதன் வாய்க்கும் கைக்கும் சம்பந்தம் இருக்காது.

வாழைநாரிலிருந்து சாயக்கழிவை வடிகட்டும் பொருள் செய்திருக்கிறோம். அட்டையில் நடராஜர் சடையிலிருந்து சுத்தமான நீர் கொட்டுவது போல் போட்டால் நம் பண்பாடும் தெரியுமே?
– பேராசிரியர், சென்னை

சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஜெனீவா பக்கத்தில் செர்ன் என்ற அணுத்துகள் ஆய்வுக்கூட வளாகத்தில் 2004இலிருந்து நடராஜர் நிற்கிறார், அங்கே அது இந்திய அரசு கொடுத்த பரிசு, பொருத்தம்தான். உங்கள் பேப்பரில் அவருக்கு வேலை இல்லை. சடையிலிருந்து கொட்டுவது கங்கை. உங்கள் வடிகட்டியைக் காணோம், வாழையையும் காணோம். தெய்வ உருவம் என்றால் எடிட்டரும் யாராவது புண்படுவார்களோ என்று தயங்குவார்.

வாழைநாரைக் குறுக்கே வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படம் உங்கள் பேப்பரிலேயே இருக்கும். பக்கம் பக்கமாக அடுக்கிய குழல்கள், நடுவே ஓட்டை. அதைவிட நல்ல அட்டை எனக்குத் தோன்றவில்லை. அந்தப் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் இருக்கும், எலக்ட்ரானுக்கு நிறம் தெரியாது. அதனால் வண்ணம் நம் கையில். இடப்பக்கக் குழல்களில் சாய நீலம் ஊறி நிற்கட்டும், வலப்பக்கம் போகப் போக வெளிறட்டும். சாயம் எந்தச் சுவரில் ஒட்டுகிறது, உள்சுவரிலா வெளிச்சுவரிலா என்பதை மட்டும் உங்கள் மாணவர் எனக்குச் சொல்ல வேண்டும், பேப்பரில் அது தெளிவாக இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம், அந்தப் படத்தின் ஒரிஜினல் டிஃப் ஃபைலை அனுப்பச் சொல்லுங்கள். வேர்டு ஃபைலில் ஒட்டினது வேண்டாம்.