குழந்தைக்கு முதல் மீன்

கேள்வி: என் மகனுக்கு ஏழு மாதம் நிறைகிறது. சோறு, பருப்பு, கரட் எல்லாம் மசித்துக் கொடுக்கிறேன். மீனையும் தொடங்கலாம் என்று குடும்பநல உத்தியோகத்தர் கூறினார். மாமியோ ஒரு வயதுக்கு முன் மீன் கொடுத்தால் கிரந்தி, உடம்பில் தடிப்பும் கடியும் வரும் என்கிறார். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் முள்ளில்லாத சுறாவைக் கொடு என்கிறார். நான் எதைக் கேட்பது?
- வாசகி, கோண்டாவில்

பதில்: அன்புள்ள சகோதரி, மீனைத் தயங்காமல் தொடங்குங்கள். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலில் உள்ள இரும்புச்சத்து மட்டும் போதாது. மீன் அந்தக் குறையை ஈடுசெய்ய உதவுவதோடு, மூளையும் கண்ணும் வளரத் தேவையான ஒமேகா-3 கொழுப்பையும் தருகிறது.

மாமியின் அச்சத்தை வெறும் பழமை என்று தள்ளிவிட வேண்டாம். ஒவ்வாமை வரக்கூடிய குடும்பத்துக் குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை மீன் கொடுக்காதிருப்பது நல்லது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமே 2000 ஆம் ஆண்டில் அறிவுறுத்தியிருந்தது. பிந்திக் கொடுப்பதால் ஒவ்வாமை தடுக்கப்படுவதற்குப் போதிய சான்று இல்லை என்று கண்டு, 2008 இல் அந்த நிலைப்பாட்டை அது மாற்றிக்கொண்டது. இதை அவருக்கு ஆறுதலாக எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் மகனுக்குக் கடுமையான கரப்பான் என்ற தோல் நோய் இருந்தாலோ, முட்டை போன்ற வேறொரு உணவு ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ, வைத்தியரிடம் கேட்ட பின்பே தொடங்க வேண்டும்.

சுறா விடயத்தில் மட்டும் நான் மாமியோடு உடன்படமாட்டேன். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா வறை கொடுத்து வளர்ந்த ஊர் நம்முடையது. முள் தொண்டையில் சிக்காது என்பதால் அது குழந்தைக்கும் உகந்தது என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் சுறா மற்ற மீன்களைத் தின்று நெடுநாள் வாழ்வது. அம்மீன்களில் சிறிது சிறிதாக இருக்கும் பாதரசம் அதன் தசையில் சேர்ந்துகொண்டே போகிறது. அவிப்பதாலோ பொரிப்பதாலோ அது நீங்காது. வளரும் மூளையைப் பாதிக்கக்கூடியது. எனவே சுறாவையும், தளபத்து போன்ற பெருமீன்களையும் குழந்தைக்குத் தவிர்த்துவிடுங்கள். பாலூட்டும் நீங்களும் தவிர்ப்பது நல்லது. விளைமீனும் நடுத்தரப் பாரையும் தொடக்கத்துக்கு ஏற்றவை. அவற்றின் முட்கள் பெரியவை, கண்ணுக்கும் விரலுக்கும் தப்பாதவை. சூடை மிகச் சத்தானது, ஆனால் மெல்லிய முட்கள் நிறைந்தது. கை பழகிய பின் அதற்கு வரலாம்.

முள் எடுப்பதில்தான் உங்கள் முழுக் கவனமும் வேண்டும். வயிற்றுப் பக்கத்தை விட்டு வால் பக்கத் துண்டாக வாங்குங்கள். விலா முட்கள் அங்கு இல்லை. மிளகாயும் உப்பும் இல்லாமல் சிறிது மஞ்சளோடு, சதை வெண்மையாகி இதழ் இதழாகப் பிரியும்வரை அவித்து, ஆறவிட்டுத் தோலை உரியுங்கள். நடுமுள்ளை எடுத்த பின், சதையை ஒரு தட்டையான கோப்பையில் மெல்லிதாகப் பரப்பி, வெளிச்சத்தில் வைத்து, கழுவிய கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஒவ்வொரு சிட்டிகையாக நசுக்கிப் பாருங்கள். நான் ஒருமுறை பார்த்து முடித்ததை வேறொருவரிடம் கொடுத்து மறுபடி பார்க்கச் சொல்வது வழக்கம். அந்த இரண்டாம் கையில் அகப்பட்ட முட்கள் பல. மிக்சியில் அரைத்தால் முள் போய்விடும் என்று நம்ப வேண்டாம், அது துண்டாகி மறைந்துகொள்ளும்.

முதல் நாள் அரைத் தேக்கரண்டி போதும். காலையில், குழந்தை நலமாக இருக்கும் நாளில், வேறு புதிய உணவு எதுவும் சேர்க்காமல், பழகிய சோற்றோடு குழைத்துக் கொடுங்கள். ஒவ்வாமை இருந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணித்தியாலங்களுக்குள் தெரிந்துவிடும்: தடிப்பு, உதடோ கண்ணிமையோ வீங்குதல், வாந்தி. மூச்சு இழுத்தாலோ குழந்தை துவண்டாலோ உடனே 1990 அம்புலன்சை அழையுங்கள். ஒன்றும் இல்லையென்றால் அளவை மெல்லக் கூட்டி, வாரத்தில் இரண்டு நாள் வழக்கமாக்குங்கள். ஒரு வயதுக்குப் பின் ஒரு வேளைக்கு ஏறத்தாழ 30 கிராம், அதாவது பிள்ளையின் உள்ளங்கை அளவு, போதுமானது.

இன்னொன்று. சூரை, கும்பளா போன்றவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகிறது. சமைத்தாலும் அது அழியாது. தின்றவருக்கு முகம் சிவந்து, உடம்பு கடித்து, ஒவ்வாமை போலவே தோன்றும். கிரந்தி என்று மீனின் மீது நாம் போடும் பழியில் ஒரு பகுதி இதற்குரியதாக இருக்கலாம் என்பது என் எண்ணம். ஆகவே பாசையூரிலோ சின்னக்கடையிலோ காலையில் வாங்கி, செவுள் சிவப்பையும் கண்ணின் தெளிவையும் பார்த்து, உடனே குளிரில் வையுங்கள்.

கேள்வி: இரண்டு வயது மகளின் தொண்டையில் முள் சிக்கினால் சோற்று உருண்டை விழுங்கக் கொடுக்கலாமா?
- வாசகர், சாவகச்சேரி

பதில்: கொடுக்கக் கூடாது. உருண்டை முள்ளை இன்னும் ஆழமாகக் குத்த வைக்கும், வாழைப்பழமும் அப்படியே. விரலை உள்ளே விட்டுத் தேடவும் வேண்டாம். பிள்ளை இருமினால் இருமவிடுங்கள். எச்சில் விழுங்க முடியாமல் வடிந்தாலோ, அழுகை நிற்காவிட்டாலோ, வேறு எதையும் உண்ணக் கொடுக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். மூச்சுத் திணறினால் காத்திராமல் 1990 ஐ அழையுங்கள்.