கூரைக்கென்று ஒரு நிதி

வீடு: வாசகர் கேள்வி - பதில்
பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற ஒன்றிய ஓவர்சியர், மதுரை

கேள்வி: எங்களுடையது அரசு கட்டித் தந்த தொகுப்பு வீடு. 1994-ல் மாமனார் பேரில் வந்தது. போன ஐப்பசி மழையில் அடுப்படிக்கு மேலே சீலிங் காரை பெயர்ந்து விழுந்துவிட்டது. கம்பி வெளியே தெரிகிறது. மாமனாரும் இப்போது இல்லை. பழுதுபார்க்க அரசாங்கப் பணம் கிடைக்குமா? இல்லை, இடித்துத்தான் கட்ட வேண்டுமா? - வாசகி, திருமங்கலம் வட்டம்

பதில்: தாயி, முதல் காரியமாக அடுப்பை அந்த இடத்தை விட்டு மாற்றுங்கள். அதற்குக் கீழே பிள்ளைகளைப் படுக்கப் போடாதீர்கள். பணம், மனு எல்லாம் அப்புறம்.

அந்தக் காலத்துத் தொகுப்பு வீடுகள் பலவற்றில் கம்பிக்கு அடியில் அதைத் தூக்கிப் பிடிக்கும் கவர் கட்டை ஒழுங்காக வைத்திருக்க மாட்டார்கள். கம்பி சென்டிரிங் பலகையை ஒட்டியே கிடக்கும். அதன் அடியில் அரை இஞ்சுகூடக் காரை இருக்காது. மேலே சுருக்கியும் (செங்கல்-சுண்ணாம்புக் கலவை) தட்டோடும் (தட்டையான ஓடு) இல்லாத தளத்தில் மழைத் தண்ணீர் தேங்கி, மெல்ல இறங்கி, கம்பியைத் தொட்டுவிடும். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்தால் கீழே இருக்கிற காரையைத் தள்ளும். உங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

இடிப்பதா, சரி செய்வதா என்பதைக் கம்பிதான் சொல்லும். விவரமான கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டு, சிறு சுத்தியலால் சீலிங் முழுக்கத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கெட்டியான இடம் ‘ணங்’ என்று கேட்கும். உள்ளே விட்டுப்போன இடம் ‘தொப்’பென்று கேட்கும். தொப்பென்ற இடத்தையெல்லாம் கொத்தி எடுத்து, கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கச் சொல்லுங்கள். தேய்த்த பிறகும் கம்பி பழைய தடிமனில் இருந்தால், துரு தடுக்கும் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் பூசி, மேல்தளத்தில் சுருக்கி போட்டுத் தட்டோடு பதித்தால் வீடு நிற்கும். கம்பி ஏடு ஏடாக உரிந்து பாதியாகியிருந்தாலோ, தளம் நடுவில் தொங்கியிருந்தாலோ மேல்பூச்சுக்குச் செலவழிக்காதீர்கள். அந்தத் தளத்தை நம்பக் கூடாது.

அரசு உதவி உண்டு. 2000-01-க்கு முன் ஊரகப் பகுதிகளில் அரசுத் திட்டங்களில் கட்டிய வீடுகளில் 2.5 லட்சம் வீடுகளை 2,000 கோடி ரூபாயில் பழுதுபார்க்கும் திட்டம் 2024-ல் அறிவிக்கப்பட்டது. பழுதுபார்க்கவே முடியாத வீடுகளுக்கு மறுகட்டுமானத் திட்டம் என்று 2025-26 பட்ஜெட்டில் 600 கோடி ரூபாய் ஒதுக்கி, 25,000 வீடுகள் என்றார்கள். உங்கள் வீடு எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதை ஊராட்சிச் செயலரிடமும், ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும் கேளுங்கள். பட்டியலில் பெயர் இல்லையென்றால் கிராம சபையில் எழுந்து சொல்லி, தீர்மான நோட்டில் ஏற்றச் செய்யுங்கள். வாயால் சொன்னது நிற்காது.

மாமனார் பேரில் இருப்பதால் வாரிசுச் சான்று இல்லாமல் ஒன்றும் நகராது. இ-சேவை மையத்தில் இன்றைக்கே விண்ணப்பம் போடுங்கள். இன்னொன்று: பொறியாளர் வந்து பார்க்கும் வரை பெயர்ந்த இடத்தைப் பூசி மறைக்காதீர்கள். அசிங்கமாக இருக்கிறதென்று பலரும் அவசரப்பட்டுப் பூசிவிடுகிறார்கள். அளவெடுக்க வருகிறவர் நல்ல சீலிங்கைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் சியாட்டிலுக்குப் பக்கத்தில் பெல்வியூ என்ற ஊரில் இருக்கிறாள். அங்கே அக்கம்பக்கத்து நகரங்கள் எல்லாம் சேர்ந்து வீட்டுவசதிக்கென்று பொது நிதி ஒன்று வைத்திருக்கின்றனவாம். குறைந்த வருமானக்காரர்களுக்கு அதிலிருந்து வீடு கட்ட உதவுகிறார்களாம். மதுரையில் இப்படி ஏன் இல்லை? இத்தனை திட்டம் இருக்கும்போது தனியாக நிதி எதற்கு என்றும் ஒரு மனம் சொல்கிறது. - வாசகர், நரிமேடு

பதில்: ஐயா, நீண்ட நாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் நினைத்திருந்த கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் மகள் சொல்வது ‘ஆர்ச்’ என்கிற கூட்டமைப்பு. 1992-ல் தொடங்கியது. பெல்வியூ, கிர்க்லாந்து, ரெட்மண்ட் நகரங்களும் கிங் கவுண்டியும் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) சேர்ந்து ஆரம்பித்தன. பிறகு சிறு ஊர்களும் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு ஊரும் தன் பங்கைப் பொதுவில் போடுகிறது. வீடு கட்டும் லாப நோக்கற்ற அமைப்புகள் விண்ணப்பிக்கின்றன. குடிமக்கள் குழு ஒன்று அதைப் பரிசீலிக்கிறது. கடைசியில் அந்தந்த நகர மன்றம் ஒப்புதல் தருகிறது. நிதியிலிருந்து போகிற பணம் மொத்தச் செலவில் ஒரு பகுதிதான். ஆனால் அது முதலில் வந்து நிற்பதால் வங்கியும் மாநில அரசும் பின்னால் வருகின்றன. அப்படிக் கட்டிய வீட்டை நாளைக்கே சந்தை வாடகைக்கு விட முடியாது. இத்தனை வருஷம் குறைந்த வருமானக்காரருக்குத்தான் என்று பத்திரத்திலேயே கட்டிப்போடுகிறார்கள்.

சின்ன ஊர் ஒன்று தனியாக என்ன செய்துவிட முடியும்? அதனால்தான் வட்டாரமாகச் சேர்கிறார்கள். வேலை ஓர் ஊரில் இருக்கும், மலிவான மனை இன்னோர் ஊரில் இருக்கும். நம்மிடம் மட்டும் என்ன வேறு கதை? கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை, திருமங்கலத்துக்குத் தெற்கே குடியிருப்பு. மாட்டுத்தாவணியில் சுமை தூக்குகிறவர் மேலூர் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிறார். வீட்டுப் பிரச்சினை வார்டு எல்லையோடு நிற்பதில்லை.

அடுத்து, பணம் எங்கிருந்து வருகிறது என்பது. இதுதான் முக்கியம். ஆண்டுதோறும் பட்ஜெட்டில் கேட்டு வாங்குவதாக இல்லாமல், ஒரு வரவை அதற்கென்றே ஒதுக்கிவிடுவது இந்த நிதிகளின் உயிர்நாடி. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1992-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, சொத்துப் பத்திரங்களின் முத்திரை வரியில் ஒரு பங்கு வீட்டுவசதி நிதிக்குப் போகும்படி செய்தார்கள். நிலம் கைமாறும் ஒவ்வொரு தடவையும் நிதிக்குக் காசு விழுகிறது. அதிலிருந்து கவுண்டிகளுக்கும் நகரங்களுக்கும் பிரித்துத் தரும் பணத்தில் 75 சதவீதம் கட்டுமானம், புதுப்பித்தல், அவசரப் பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கே போக வேண்டும் என்று விதி. கூரை ஒழுகும் முதியவருக்குத் தவணை கட்டத் தேவையில்லாத கடனாகத் தருகிறார்கள். வீட்டை விற்றால் திருப்ப வேண்டும். குறிப்பிட்ட ஆண்டுகள் அங்கேயே குடியிருந்தால் பல ஊர்களில் தள்ளுபடி ஆகிவிடும். விற்றுவிட்டு ஓடுகிறவருக்கு இனாம் இல்லை, குடியிருப்பவருக்குச் சுமை இல்லை. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

அங்கேயும் எல்லாம் சரியாக நடக்கவில்லை. புளோரிடா சட்டமன்றம் பல ஆண்டுகள் அந்த நிதியிலிருந்து எடுத்துப் பொதுச் செலவுக்குப் போட்டது. 2021-ல் சட்டத்தையே திருத்தி, ஒரு பங்கைக் கடல்மட்ட உயர்வு, கழிவுநீர் வேலைகளுக்குத் திருப்பினார்கள். அமெரிக்க மத்திய அரசின் தேசிய வீட்டுவசதி நிதியும் அப்படித்தான். ஃபேனி மே, ஃப்ரெடி மேக் என்ற இரண்டு பெரிய அடமான நிறுவனங்கள் தங்கள் புதிய வணிகத்தில் 100 டாலருக்கு 4.2 சென்ட் ஒதுக்க வேண்டும், அதில் பெரும்பங்கு இந்த நிதிக்கு என்று 2008-ல் சட்டம் வந்தது. அதே ஆண்டு நிதி நெருக்கடி வந்து ஒதுக்கீடு நிறுத்தப்பட்டது. மாநிலங்களின் கைக்கு முதல் பணம் வந்தது 2016-ல். ஆக, வரவு இருந்தால் மட்டும் போதாது, பெட்டிக்குப் பூட்டும் வேண்டும்.

இப்போது நம் பக்கம். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட வரவு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய அடுக்குமாடி கட்டுகிறவர் ஒரு பங்கை ஏழைகளுக்கான வீடாகத் தர வேண்டும், அல்லது உறைவிடக் கட்டணம் கட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. தமிழ்நாடு உறைவிட நிதியம் என்ற ஒன்றும் இருக்கிறது. உலக வங்கி 2020-ல் அதற்கு 3.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. வேலைக்குப் போகும் பெண்களுக்கான ‘தோழி’ விடுதிகளில் அந்த நிதியத்தின் முதலீடு இருக்கிறது. நல்ல காரியம். ஆனால் அது முதலீட்டு நிதியம். போட்ட பணம் வருமானத்தோடு திரும்ப வேண்டும். முந்தைய கேள்வி கேட்ட திருமங்கலத்துத் தாயி அதன் வாசலில் போய் நிற்க முடியாது.

திட்டங்கள் இருக்கின்றனவே என்கிறீர்கள். இருக்கின்றன, அவற்றால் விடிவு கண்ட குடும்பங்களை நானே அளந்து, பில் எழுதியிருக்கிறேன். கலைஞரின் கனவு இல்லம் 2024-25-ல் ஒரு லட்சம் வீடு, வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. குடிசையிலிருந்து கான்கிரீட் வீட்டுக்கு வருகிற குடும்பத்துக்கு அது ஒரு தலைமுறை மாற்றம். ஆனால் திட்டம் என்பது அறிவிப்பு, இலக்கு, பட்டியல், அதோடு முடிவு. பட்டியல் எடுத்த மாதத்தில் நீங்கள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்திருந்தால் அடுத்த அறிவிப்பு வரை காத்திருக்க வேண்டியதுதான். கூரை காத்திருக்குமா?

கணக்கையும் பாருங்கள். பழுதுபார்ப்புக்கு 2,000 கோடி, 2.5 லட்சம் வீடு என்றால் சராசரி ஒரு வீட்டுக்கு 80,000 ரூபாய். ஒரு புது வீட்டுப் பணத்தில் நான்கு வீடுகளைக் காப்பாற்றலாம். சமத்துவபுரம் முதன்முதலில் வந்தது நம் மாவட்டத்தில், மேலக்கோட்டையில், 1998-ல். அந்த வயதுடைய அரசு வீடுகள் மதுரையைச் சுற்றி ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை மேல்தளத்தைக் கவனித்திருந்தால் அவற்றில் பல இன்னொரு தலைமுறைக்கு நிற்கும். கவனிக்காமல் விட்டு, பிறகு மொத்தமாக இடித்துக் கட்டுவதுதான் நம் வழக்கமாகிவிட்டது. புது வீட்டுக்குத் திறப்பு விழா உண்டு. தட்டோடு பதித்ததற்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்?

மதுரை மாவட்டத்தில் ஒரு மாநகராட்சி, 3 நகராட்சிகள், 13 ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன. இவை எல்லாம் சேர்ந்து, பத்திரப் பதிவு வரவிலோ உறைவிடக் கட்டணத்திலோ ஒரு சிறு பங்கை இந்த மாவட்டத்துக்கென்றே ஒதுக்கி, பழுதுபார்ப்புக்கு மட்டும் ஒரு நிதி வைக்கலாம். வருஷத்தில் எந்த மாதமும் மனு வாங்க வேண்டும். ஒரு பொறியாளர் வந்து தட்டிப் பார்க்க வேண்டும். பணம் வீட்டு மேல் கடனாக நிற்க வேண்டும், குடியிருந்தால் தள்ளுபடி ஆக வேண்டும். புது வீடு கட்டுவதை மாநிலமும் மத்திய அரசும் செய்யட்டும். கட்டிய வீட்டைக் காப்பது உள்ளூர் வேலை. உங்களைப் போன்றவர்கள் உங்கள் வார்டு உறுப்பினரிடமும் எம்.எல்.ஏ.விடமும் இதைக் கேட்க ஆரம்பியுங்கள், ஐயா. நானும் போகிற மேடையிலெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நான் சித்தாள் வேலை பார்க்கிறேன். நல வாரிய அட்டை இருக்கிறது. வீடு கட்டப் பணம் தருகிறார்கள் என்று மேஸ்திரி சொல்கிறார். உண்மையா? - வாசகி, செல்லூர்

பதில்: உண்மைதான் அம்மா. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்குச் சொந்த இடத்தில் வீடு கட்டவோ, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பு வாங்கவோ 4 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ஆண்டுக்கு இத்தனை பேருக்கு என்று அளவு இருப்பதால் சீக்கிரம் விண்ணப்பியுங்கள். அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். இது யாரும் போடுகிற தர்மமில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1996-ல் வந்த சட்டப்படி, கட்டடம் கட்டுகிறவர் செலவில் 1 சதவீதத்தை வாரியத்துக்குச் செலுத்துகிறார். நீங்கள் செங்கல் சுமந்த ஒவ்வொரு மாடியிலும் உங்களுக்கென்று ஒரு பங்கு போயிருக்கிறது. கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள்.

கேள்வி: கண்மாய்க் கரையில் முப்பது வருஷமாகக் குடியிருக்கிறோம். வீட்டு வரி, கரண்ட் பில் எல்லாம் எங்கள் பேரில்தான். பட்டா இல்லை. எந்தத் திட்டத்திலாவது வீடு கட்ட முடியுமா? - வாசகர், மேலூர் வட்டம்

பதில்: தம்பி, நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா கிடைக்காது, பட்டா இல்லாத இடத்தில் திட்ட வீடும் வராது. வரி ரசீது குடியிருப்பைக் காட்டும், நிலத்தை உங்களுடையதாக்காது. பட்டா வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இலவச வீட்டுமனைப் பட்டாவுக்கு மாற்று இடம் கேட்டுத் தாசில்தாரிடம் குடும்பமாக மனு கொடுங்கள். முப்பது வருஷ ரசீதுகள் அங்கேதான் பயன்படும். அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. இருக்கிற வீட்டில் பெரிய செலவு செய்ய வேண்டாம். மழைக்குத் தார்ப்பாயும் ஓடு மாற்றுவதுமாக ஓட்டுங்கள்.

கேள்வி: மேல்தளத்துக்குத் தட்டோடு பதிக்க மகளிர் குழுவில் கடன் வாங்கலாமா? வீட்டுக்காரர் தண்டல்காரரிடம் வாங்கிவிடலாம், உடனே கிடைக்கும் என்கிறார். - வாசகி, அலங்காநல்லூர்

பதில்: குழுவில் வாங்குங்கள். களஞ்சியம் மாதிரி மதுரையில் வளர்ந்த பெண்கள் குழுக்கள் எத்தனையோ வீடுகளின் கூரையைச் சிறு சேமிப்பிலேயே மாற்றியிருக்கின்றன. தண்டல் பணத்துக்கு மறுநாளே வசூல் ஆரம்பித்துவிடும். தளம் காய்வதற்குள் பாதி வட்டி போயிருக்கும். வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். தட்டோட்டின் இணைப்புகளில் நீர்த்தடுப்புப் பொடி கலந்த கலவையை அழுத்தி அடைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் மூலைக் குழாயை நோக்கி ஓடும்படி வாட்டம் வைத்திருக்கிறார்களா என்று ஒரு குடம் ஊற்றிப் பார்த்துவிட்டுப் பாக்கிக் கூலியைக் கொடுங்கள். ஒரு வாரத்துக்கு ஈரம் காயாமல் நீங்களே காலையும் மாலையும் தண்ணீர் விடுங்கள், அதை ஆள் பொறுப்பில் விடாதீர்கள்.